குழந்தைகளின் மைக்ரேன்: ஸ்கேன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிள்ளைக்கு அடிக்கடி தலைவலி வந்தால், மலையிறங்கிக் கோவைக்குப் போய் ஸ்கேன் எடுத்தால்தான் பல பெற்றோருக்கு மனசு ஆறும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும் டாக்டரிடம் காட்டுவதற்கு முன்பே ஸ்கேன் சென்டருக்கு ஓடுவது முதல் தவறு. மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலியைக் கண்டுபிடிப்பது படத்தை வைத்து அல்ல, நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்து. பெரியவர்களைப் போல ஒரு பக்கம் மட்டும் வலிக்காமல், பிள்ளைகளுக்கு நெற்றி முழுக்க வலிக்கலாம். வாந்தி வரும், வெளிச்சம் ஆகாது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அம்மாவுக்கும் இதே தலைவலி உண்டா, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வளைவு திரும்பினாலே பிள்ளை வாந்தி எடுக்கிறதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

டாக்டர் செய்யும் நரம்புப் பரிசோதனையில் குறை ஏதும் இல்லாவிட்டால், ஸ்கேன் பெரும்பாலும் சிகிச்சையை மாற்றாது.

எடுத்தாகிவிட்டது என்றால், ரிப்போர்ட்டை நீங்களே படித்துப் பதறாதீர்கள். 'அரக்னாய்டு சிஸ்ட்', 'பீனியல் சிஸ்ட்', மூளையின் வெண்பகுதியில் சிறு புள்ளி என்றெல்லாம் இருக்கும். சிஸ்ட் என்றதும் புற்றுநோய் என்று வீடே அழும். பெரும்பாலும் இந்த சிஸ்ட்கள் நீர் நிறைந்த சிறு பைகள்தான். இவை எல்லாமே தலைவலியே இல்லாத பிள்ளைகளிடமும் தென்படுபவை. சைனஸில் சவ்வுத் தடிப்பு என்ற வரியும் அப்படித்தான். சாதாரணச் சளிக்கே அது வரும். அதை நம்பி மாதக்கணக்கில் சைனஸ் மருந்து கொடுத்தால் மைக்ரேன் கவனிக்கப்படாமலே போய்விடும். சிறுமூளையின் அடிப்பகுதி கீழே இறங்கியிருப்பதாக எழுதி, இருமும்போது பின்மண்டையும் வலித்தால், நரம்பியல் மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.

ஸ்கேன் நார்மல் என்றதும் "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்" என்று திட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மைக்ரேனில் படம் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். வலி பொய்யில்லை.

சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு, அதனால் ஊருக்கு ஊர் மறுபடி எடுக்காதீர்கள். பழைய ஃபிலிமைக் கையோடு கொண்டுபோங்கள்.

உறைபனிக் காலத்தில் இன்னொன்று. கதவடைத்த அறையில் கரி அடுப்பு மூட்டித் தூங்கி, காலையில் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, குமட்டல் என்றால் அது மைக்ரேன் இல்லை. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவின் விஷமாக இருக்கலாம். எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நிஜமாகவே ஸ்கேன் தேவைப்படும்போது தள்ளிப்போடுவதும் தவறுதான். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடிகாலை வாந்தி, நாளுக்கு நாள் கூடும் வலி, புதிதாக மாறுகண் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ ராத்திரியானாலும் 108-ஐ அழையுங்கள். காலை பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.