சங்கக் கிளைக்கு ஓராண்டு நிகழ்ச்சித் திட்டம்: சிவப்புப் பேனாவிலிருந்து தொடங்குங்கள்

பொதுக்குழுவில் உங்கள் பெயரைச் சொல்லிக் கைதட்டியிருப்பார்கள். மறுநாள் தீர்மானப் புத்தகமும் ரசீதுப் புத்தகமும் ஒரு பழைய துணிப்பையில் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். இனி ஒரு வருடம் நீங்கள்தான் கிளைச் செயலாளர். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம். வரி ஆலோசகர்கள் சங்கத்தின் கிளை ஒன்றில் மூன்று ஆண்டு செயலாளராக இருந்தேன். அதனால் உதாரணங்கள் எல்லாம் ஜிஎஸ்டி, வருமான வரி என்றுதான் வரும். உங்களுடையது பொறியாளர் சங்கமோ மருந்தாளுநர் சங்கமோ என்றால் தேதிகள் மாறும், வழி இதேதான்.

முதல் ஆண்டு நான் தலைப்புகளில் இருந்து தொடங்கினேன். நல்ல பேச்சாளர் ஒருவர் கிடைத்தார், அவருக்கு ஜூலை 20 மாலை மட்டும்தான் ஒழிந்தது. சரி என்று மண்டபம் பிடித்து, 60 பேருக்கு அரிசிம்பருப்புச் சாதம் சொல்லி வைத்தோம். வந்தவர்கள் 11 பேர். கோயமுத்தூரில் இருந்து பஸ் ஏறி வந்த மனிதர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். இரவு ஒரு உறுப்பினர் போன் செய்தார்: "ஏனுங்கண்ணா, இருபதாந்தேதி த்ரீபி போடற நாளுங்க. அன்னைக்கு வெச்சா நாங்க எப்படிங்க வர்றது?" த்ரீபி என்றால் ஜிஎஸ்டிஆர்-3பி, மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டிப் போடும் கணக்கு. அவர் கேட்டது நியாயம். அடுத்த ஆண்டில் இருந்து தலைப்பை விட்டுவிட்டுக் காலண்டரைக் கையில் எடுத்தேன்.

படி 1: வர முடியாத நாட்களை அடியுங்கள்

முகூர்த்த நாள் போட்ட மாதக் காலண்டர் ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று, பச்சைப் பேனா ஒன்று. இந்த வேலைக்கு ஒரு முழு மாலை கொடுங்கள். மற்ற படிகளை அவசரமாகச் செய்தாலும் பரவாயில்லை, இதை நிதானமாகச் செய்யுங்கள்.

சிவப்பில் தொழில் தேதிகள். எங்களுக்கு மாதாமாதம் 7 டிடிஎஸ், அதாவது சம்பளம் போன்றவற்றில் முன்பே பிடித்த வரியைக் கட்டும் நாள், 11 விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி. காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் வாடிக்கையாளர்களுக்கு 13, தமிழ்நாட்டில் 22 என்று இன்னும் இரண்டு. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15ஆம் தேதிக்கு முன்கூட்டிய வரியும் சேர்ந்துகொள்ளும். கெடு நாளை மட்டும் அடித்தால் போதாது, அதற்கு முந்தைய இரண்டு நாளையும் சேர்த்து அடியுங்கள். வாடிக்கையாளர் பில் கட்டைக் கொண்டுவந்து கொடுப்பதே அப்போதுதான்.

அப்புறம் ஆண்டுக் கெடுக்கள்: சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்குக்கு ஜூலை 31, தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30, ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்குக்கு டிசம்பர் 31. இந்த மூன்று மாதங்களின் கடைசி வாரத்தைக் கோடு போட்டு மூடிவிடுங்கள்.

பச்சையில் ஊர் தேதிகள். பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் பண்டிகை, பண்ணாரி குண்டம். சித்திரையில் அவிநாசித் தேர். ஆடி 18க்குப் பவானி கூடுதுறை. தைப்பூசத்துக்குப் பாதிப் பேர் பழனிக்கு நடந்துகொண்டிருப்பார்கள். முகூர்த்த நாட்களில் ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நம் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே போய் விருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஞாயிறு முகூர்த்தம் என்றால் சனிக்கிழமை மாலையும் போச்சு. ஆகவே முகூர்த்தத்துக்கு முந்தின மாலையையும் பச்சையில் அடியுங்கள்.

அடித்து முடித்தபின் மிஞ்சுகிற வெள்ளைக் கட்டங்களைப் பாருங்கள். எங்களுக்குப் பெரும்பாலான மாதங்களில் 23 முதல் 28 வரை வெள்ளையாக இருந்தது. மாதக் கூட்டத்தை அந்த வாரத்துச் சனிக்கிழமை மாலைக்கு வைத்தோம், ஜூலையில் மட்டும் முதல் வாரம். செப்டம்பரிலும் டிசம்பரிலும் கூட்டமே கிடையாது.

நாங்கள் எதிர்பாராமல் கண்டுபிடித்த இரண்டு இடைவெளிகள் உண்டு. ஒன்று ஆகஸ்ட் 4ம், டிடிஎஸ் தேதி தாண்டிய 8ம். ஜூலைக் கெடு முடிந்திருக்கும், ஆடி 18ம் போயிருக்கும், ஆனால் ஆடி இன்னும் முடிந்திருக்காது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். இன்னொன்று ஜனவரி முதல் நான்கு நாட்கள். டிசம்பர் 31 தாண்டியாயிற்று, மார்கழி என்பதால் மண்டபம் காலி, பொங்கல் வேலை இன்னும் தொடங்கியிருக்காது. முழுநாள் கருத்தரங்கு ஆகஸ்டுக்கும் குடும்ப விழா ஜனவரிக்கும் போனது இப்படித்தான். மார்கழியில் மாலை போட்டவர்கள் நிறைய இருப்பார்கள், சாப்பாட்டைச் சைவமாகவே சொல்லிவிடுங்கள்.

அரசு கெடுவை நீட்டித்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2025இல் ஜூலை 31 கெடு செப்டம்பர் 15க்குப் போய், கடைசியில் இன்னும் ஒரு நாள் நீண்டது. அப்படி நடந்தால் ஆகஸ்ட் கருத்தரங்கை மாற்றாதீர்கள். அவகாசம் கிடைத்த நிம்மதியில் வருகிறார்கள். செப்டம்பரை முன்பே காலியாக விட்டிருந்ததால் எங்களுக்கு எதுவும் தடுமாறவில்லை.

படி 2: பதினைந்து பேருக்குப் போன் செய்யுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் "தலைப்புகளைச் சொல்லுங்கள்" என்று போட்டால் கைகூப்பும் படங்கள்தான் வரும். போன்தான் வழி. மூத்தவர் ஐந்து பேர், நடுவில் ஐந்து பேர், தொழிலுக்கு வந்து மூன்று ஆண்டு ஆகாதவர் ஐந்து பேர். என்ன தலைப்பு வேண்டும் என்று கேட்காதீர்கள். போன மூன்று மாதத்தில் எந்த வேலையில் மாட்டிக்கொண்டீர்கள் என்று கேளுங்கள்.

ஒரு இளம் உறுப்பினர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அண்ணா, இந்த ஜாப் வொர்க் சலான்தானுங்க. துணி எங்க போகுது, எங்கிருந்து திரும்பி வருதுன்னே எனக்குப் புரியறதில்லைங்க. சும்மா நம்பரைத்தான் ஏத்தறேன்." ஜாப் வொர்க் என்றால் சரக்கை வேறு யூனிட்டுக்கு அனுப்பிக் கூலிக்கு வேலை செய்து வாங்குவது; சலான் அந்தச் சரக்கோடு போகும் சீட்டு. அந்த ஒரு பதிலில் இருந்து எங்கள் ஆண்டின் சிறந்த நிகழ்ச்சி பிறந்தது.

படி 3: வெள்ளைக் கட்டங்களை நிரப்புங்கள்

ஏழெட்டு மாதக் கூட்டம், ஒரு முழுநாள் கருத்தரங்கு, ஒரு களப் பயணம், ஒரு குடும்ப விழா, ஊருக்கு ஒரு இலவச முகாம். எண்பது பேர் உள்ள கிளைக்கு இதுவே தாராளம். இதற்கு மேல் போட்டால் எல்லாம் பாதியில் நிற்கும்.

மாதக் கூட்டங்களைத் தொடராக அமைப்பது நல்லது. இந்த ஆண்டு அதற்கு விஷயம் தானாகவே கிடைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 536 பிரிவுகள். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரண்டும் போய் வரி ஆண்டு என்று ஒன்றுதான். ஆனால் இந்த ஜூலையில் போடும் கணக்கு பழைய சட்டப்படி. ஏப்ரலில் இருந்து பிடிக்கும் டிடிஎஸ் புதுச் சட்டப்படி. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்கு, மாதம் இரண்டு அத்தியாயம் என்று சேர்ந்து படிப்பது பெரிய உதவி.

பிப்ரவரிக் கூட்டம் பட்ஜெட்டுக்கு. பிப்ரவரி 1 மாலையே வைக்க வேண்டும் என்று சிலர் நிற்பார்கள். வேண்டாம். உரையை டிவியில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நிதி மசோதாவைப் படித்த ஒருவர் பேச வேண்டும், அதற்கு மூன்று நாளாவது தேவை.

களப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நவம்பர் கடைசி வாரத்துச் சனிக்கிழமை ஒரு வேன் பிடித்துத் திருப்பூர் போனோம். அடுத்தவர் தறியையோ தையலையோ பார்த்துவிட்டு வருவதாக இல்லாமல், ஒரு துணி ரோலின் பின்னாலேயே போவது என்று முடிவு செய்தோம். நூல் நிட்டிங் யூனிட்டுக்குப் போகிறது, துணியாகிறது. அது சாயம் போட டையிங் போகிறது. அங்கிருந்து, துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங். அப்புறம் கட்டிங், பவர்டேபிள் என்கிற தையல், செக்கிங், அயர்னிங். பல இடங்களில் கதவு மாறினால் முதலாளியும் வேறு. ஒவ்வொரு கதவிலும் ஒரு டெலிவரி சலான். டையிங்கில் இருந்து வந்த ரோலின் ஓரத்தில் மார்க்கரில் லாட் எண் எழுதியிருந்தது. அங்கிருந்த மேனேஜர் அந்த எண்ணையும் சலானையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். போன எடையும் வந்த எடையும் ஒன்றாக இல்லை. "கழிவு போகுமுங்க" என்றார். அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற விதியும் போனதையும் வந்ததையும் கணக்குக் காட்டும் ஐடிசி-04 படிவத்தின் கட்டங்களும் அந்த இடத்தில் நின்றபோதுதான் பலருக்கு உயிரோடு தெரிந்தன. சலானைப் பற்றிக் கேட்ட அந்த அம்மிணி வேனில் திரும்பும்போது தன் நோட்டில் கதவு கதவாகப் படம் போட்டுக்கொண்டே வந்தார்.

உங்கள் ஊருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள். நாமக்கல் என்றால் லாரி பாடி பட்டறை, பொள்ளாச்சி என்றால் தென்னை நார் ஆலை, ஈரோடு என்றால் மஞ்சள் ஏலம். முன்கூட்டியே ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவசியம்.

படி 4: பேச்சாளர்

பாதிக் கூட்டங்களுக்கு உறுப்பினர்களையே பேச வையுங்கள். வெளியில் இருந்து வருபவருக்குப் போக்குவரத்துச் செலவை அன்றே கையில் கொடுங்கள். பேச்சு 45 நிமிடம், கேள்வி 45 நிமிடம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சால்வையும் நினைவுப் பரிசும் சேர்ந்து நேரத்தைத் தின்னும்; ஒரு நல்ல துண்டு போதும்.

படி 5: பணம்

80 உறுப்பினர், ஆளுக்கு 1,200 ரூபாய் சந்தா என்றால் 96,000 வரும் என்று எழுதாதீர்கள். 60 பேர் கட்டுவார்கள் என்று வைத்து 72,000க்குத் திட்டமிடுங்கள். மாதக் கூட்டம் எட்டுக்கு டீ, பலகாரம், மைக் என்று 3,500 வீதம் 28,000. பேச்சாளர் பயணம் 8,000. குடும்ப விழாவுக்குச் சங்கத்தின் பங்கு 20,000. தணிக்கை, பதிவுத்துறையில் ஆண்டுக் கணக்குத் தாக்கல், தபால் 5,000. மொத்தம் 61,000, கையில் 11,000 நிற்கும். அதைத் தொடாதீர்கள். கருத்தரங்குக்கும் வேனுக்கும் வருகிறவர்களிடமே தனியாக வசூலியுங்கள். பணம் கட்டியவர் கட்டாயம் வருவார்.

படி 6: ஆளுக்கு ஒரு நிகழ்ச்சி

"செயற்குழு பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினால் கடைசியில் நீங்கள்தான் நாற்காலி தூக்குவீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரே ஒருவர் பெயர். பத்து நாள் முன்பு, மூன்று நாள் முன்பு, அன்று காலை என மூன்று முறை செய்தி போடுவதும் அவர் வேலை. வராதவர்களுக்காகக் கூட்டக் குறிப்பை மறுநாளே இரண்டு பக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

படி 7: கட்டத்திலேயே எழுதுங்கள்

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் முன், அந்தத் தேதிக் கட்டத்தில் வந்தவர்களின் எண்ணிக்கையைப் பேனாவால் எழுதுங்கள். மழை பெய்ததா, ஊரில் பண்டிகை இருந்ததா என்று பக்கத்தில் ஒரு வார்த்தை. மார்ச்சில் அந்தக் காலண்டரை ரசீதுப் புத்தகத்தோடு அதே துணிப்பையில் போட்டு அடுத்த செயலாளரிடம் கொடுங்கள். ஆகஸ்ட் மண்டபத்துக்கு அதற்குள்ளேயே அட்வான்ஸ் கொடுத்து, ரசீதை ஆகஸ்ட் பக்கத்தில் குத்தி வைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.