அடைமழையில் அடர்முடி நாயைக் குளிப்பாட்ட

தேவனாம்பட்டினம் கடற்கரையில் புரண்டுவிட்டு வந்த ஸ்பிட்ஸை நேரே குளிப்பாட்டாதீர்கள். முதலில் சீப்பு. காதுக்குப் பின்னும் தொடையிடுக்கிலும் விழுந்த சிக்கு, தண்ணீர் பட்டால் இறுகிவிடும், அப்புறம் கத்தரிதான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் மணலும் போக அலசி, நாய் ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நம் ஷாம்பு அதன் தோலை வறட்டும். வழவழப்புப் போகும்வரை அலசுங்கள்.

துவட்டுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மேல்முடி காய்ந்திருக்கும், விரலால் பிரித்தால் அடிமுடி சொதசொதவென்று இருக்கும். ஐப்பசி ஈரக்காற்றில் அது லேசில் காயாது. தோல் சிவந்து கசியும் புண்ணாகலாம். துண்டால் ஒற்றியெடுத்து, ட்ரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள்.

விரலிடுக்கில் உண்ணி இருந்தால் சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.