நாரி நோவுக்கு எம்.ஆர்.ஐ: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் எம்.ஆர்.ஐ எடுக்கப் போகிறவர் செய்யக்கூடிய பெரிய தவறு, உடம்பில் கிடக்கும் செல் (எறிகணை) துண்டைப் பற்றிச் சொல்லாமல் விடுவது. 2009 போரில் தொடையிலோ முதுகிலோ ஏறிய துண்டு, காயம் ஆறிச் சதைக்குள் பேசாமல் கிடக்கும். நாரி நோவுக்குத்தானே ஸ்கான், அதை ஏன் சொல்ல வேண்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மெசினின் காந்தம் படம் எடுக்காத நேரத்திலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். உருக்குத் துண்டு அதற்குள் அசையலாம், சூடாகலாம். கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டு வடத்துக்குப் பக்கத்திலோ இருந்தால் சின்ன அசைவே பார்வையையோ கால் பலத்தையோ பறித்துவிடக்கூடும்.

ஆகவே ஸ்கானுக்கு எழுதும்போதே, "காயப்பட்டனான், பீஸ் இருக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். துண்டு இருந்தாலே எம்.ஆர்.ஐ கூடாது என்பதும் சரியில்லை. இடத்தைப் பார்த்துப் பலருக்கு எடுக்கலாம், முடியாதவர்களுக்கு சி.ரி ஸ்கான் இருக்கிறது. இன்னொன்று, ஆபத்தில்லாமல் எடுத்தாலும் துண்டைச் சுற்றிப் படம் கறுத்துச் சிதையும். அந்த இடத்து டிஸ்க்கை, அதாவது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தையைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாமல் போகலாம்.

அடுத்தது, ரிப்போர்ட்டை வாசித்துவிட்டுப் பயந்து படுத்துவிடுவது. வலியே இல்லாதவர்களை ஸ்கான் செய்த ஆய்வுகளை 2015 இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரில் 37 வீதமானோருக்கும் 50 வயதினரில் 80 வீதமானோருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. இரணைமடுத் தண்ணீரில் விதைத்து, நெல் மூட்டை தூக்கி, ஐம்பதைக் கடந்த ஒருவரின் படத்தில் தேய்ந்து கறுத்த டிஸ்க் ஒன்று இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. நோவு அதிலிருந்துதான் வருகிறதா? எந்தக் கால் விறைக்கிறது, பெருவிரலைத் தூக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கும் வைத்தியர்தான் அதைப் படத்தோடு பொருத்திச் சொல்ல முடியும். ரிப்போர்ட்டை மட்டும் வட்ஸ்அப்பில் கனடாவுக்கு அனுப்பி, ஒப்பரேஷன் வேண்டுமா என்று கேட்பதில் பிரயோசனமில்லை.

சில ரிப்போர்ட்டுகளில் 'ஃபிர்மான்' தரம் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். 2001 இல் வெளியான முறை இது. டிஸ்க் எவ்வளவு வெளுத்து அல்லது கறுத்துத் தெரிகிறது, உயரம் குறைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் போடுவது. தரம் 4 என்றால் நோவும் நாலு மடங்கு என்று எடுக்கக் கூடாது.

ரி-2 மப்பிங், ரி-1 றோ போன்ற புதிய எம்.ஆர்.ஐ முறைகள் இன்னும் நுட்பமானவை. டிஸ்க்கின் தண்ணீரையும் அதைப் பிடித்து வைத்திருக்கும் புரதப்பொருளையும் பற்றி மில்லிசெக்கன் கணக்கில் சொல்பவை. உயரம் குறைவதற்கு முந்திய மாற்றத்தையும் பிடிக்கும். இவை பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான் பயன்படுகின்றன. சாதாரண நாரி நோவுக்கு இதைத் தேடிக் கொழும்புக்குக் காசு செலவழித்து ஓடத் தேவையில்லை. எடுத்தாலும், காலையில் ஒருமுறை, வயலில் நின்றுவிட்டுப் பின்னேரம் ஒருமுறை என்று எடுத்து எண்களை ஒப்பிடக் கூடாது. பகல் முழுக்க நிமிர்ந்து திரியும்போது டிஸ்க் தண்ணீரை இழக்கும், இரவு படுத்திருக்கும்போது திரும்ப உறிஞ்சும். 1.5 ரெஸ்லா (காந்தத்தின் பல அளவு) மெசினில் வந்த எண்ணை 3 ரெஸ்லாவில் வந்த எண்ணோடு பொருத்துவதும் பிழை.

சரி, ஸ்கான் திகதிக்காகக் காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. சலம் போக முடியாமல் அடைத்தால், அல்லது தெரியாமலே போனால், மலவாசலைச் சுற்றி விறைத்தால், கால்கள் பலமிழந்து வந்தால் திகதியைப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே, இரவென்றாலும், பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கிருந்து அம்புலன்ஸில் மாற்றி அனுப்புவது அவர்களின் வேலை.