களையில் வைரஸ் தேடுவோர் சறுக்கும் இடங்கள்

2000-ஆம் ஆண்டில் ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் நிலக்கடலை தண்டு கருகி, நுனி காய்ந்து மடிந்தது. பாதிப்பு ஏறத்தாழ 2,25,000 ஹெக்டேர்; இழப்பு 300 கோடி ரூபாய்க்கு மேல். பார்த்த கண்ணுக்கு அது பழகிய மொட்டுக் கருகல் நோய் போலவே இருந்தது. வைரஸ் உறையின் புரதத்துக்கான மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்தபோது அகப்பட்டதோ டொபாக்கோ ஸ்ட்ரீக் வைரஸ்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. மொட்டுக் கருகல் வைரஸை இலைப்பேன் தன் உடலுக்குள் சுமந்து பரப்பும். இந்த வைரஸோ பார்த்தீனியத்தின் மகரந்தத்தில் வருகிறது; இலைப்பேன் கடித்த காயம் வழியே செடிக்குள் நுழைகிறது. ஆகவே பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்குவதே முதல் வேலை. அந்தப் பார்த்தீனியமோ நோய்க்கான அடையாளம் எதையும் காட்டாமல் பச்சைப்பசேலென்று நின்றது! மஞ்சளித்த களைகளை மட்டும் பறித்து வருபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். மாறாக, நோய்போலத் தெரிவதெல்லாம் வைரஸும் அல்ல: பருத்தி இலை விரல்போல் நீண்டு சுருங்கினால் பக்கத்து வயலில் 2,4-டி களைக்கொல்லி அடித்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

மாதிரி இலையைக் கழுவாமல் அரைப்பது இன்னொரு தவறு. மேலே ஒட்டிய மகரந்தமே 'வைரஸ் உண்டு' என்று காட்டிவிடலாம். வெண்டையில் சிக்கல் தலைகீழ்: அதன் கொழகொழப்பு, மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் வினையையே முடக்கும். வைரஸ் இருந்தும், பெருகிய டிஎன்ஏவைக் காட்டும் ஜெல்லில் கோடு விழாது. சாற்றைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். செடியின் சொந்த மரபணு ஒன்றையும் கூடவே பெருக்கிப் பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் உங்கள் 'இல்லை'க்கு மதிப்பில்லை. ஆர்என்ஏ வைரஸ் என்றால் முதலில் அதை டிஎன்ஏவாகப் படியெடுக்க வேண்டும். தெரிந்தவர்களே அவசரத்தில் மறக்கும் படி இது.

ஆனால் அதிகம் பேர் விழும் பள்ளம் கணினியில் இருக்கிறது. வெள்ளை ஈ பரப்பும் பெகோமோவைரஸின் 500 எழுத்து மரபணுத் துண்டைப் பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பீட்டுத் தேடலில் போட்டு, முதலில் வந்த பெயரை அப்படியே எழுதிவிடுகிறார்கள். இந்த வைரஸ்கள் துண்டு துண்டாய் மரபணு மாற்றிக்கொள்பவை. ஒரு துண்டு ஒரு வைரஸையும் அடுத்த துண்டு வேறொன்றையும் காட்டும். ஏறத்தாழ 2,700 எழுத்துள்ள, டிஎன்ஏ-ஏ எனப்படும் முதன்மை மரபணுத் தொகுதி முழுவதும் வேண்டும். அதில் 91 சதவீதமாவது ஒத்தால்தான் ஒரே இனம். வைரஸை அண்டிப் பெருகும் சிறு டிஎன்ஏவான துணைக்கோளையும் விட்டுவிடாதீர்கள். வெண்டை மஞ்சள் நரம்பு நோய்க்குப் பீட்டா துணைக்கோளும் தேவை என்று மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வு 2003-இல் காட்டியது.

வைரஸின் பெயரை நம்பி அது தாக்கும் பயிரை ஊகிப்பதும் ஆபத்து. பெயரில் தக்காளியையும் புதுடெல்லியையும் வைத்திருக்கும் ஓர் இலைச்சுருட்டை வைரஸ் 2012-இல் ஸ்பெயினில் சுக்கினிப் பயிரைத் தாக்கியது.

வரப்போரக் களையான ரயில் பூண்டிலும் வயல் பயிரிலும் ஒரே வைரஸ் கிடைத்தது என்று வையுங்கள். எது எதற்குக் கொடுத்தது? வரிசை ஒப்பீடு மட்டும் அதைச் சொல்லாது. நோயற்ற வெள்ளை ஈக்களைக் களையில் மேயவிட்டு, வலைக்கூண்டிலுள்ள பயிர் நாற்றுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், குழாயில் 'களை-3' என்று மட்டும் கிறுக்காமல், பூவும் காயும் உள்ள கிளை ஒன்றைத் தாளில் அழுத்தி வையுங்கள். வைரஸுக்குப் பெயர் கண்டுபிடித்த பிறகு செடியின் பெயர் தெரியாமல் விழிப்பவர்களும் உண்டு.