நிறைசினை மாட்டுக்குக் கால்சியம் ஊற்றாதீர்கள்

புதிதாக மாடு வளர்க்கத் தொடங்கிய தம்பி ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணா, மாடு நிறைசினை. இன்னும் இருபது நாளில் கன்று போட்டுவிடும். இப்போதிருந்தே தினமும் கால்சியம் டானிக் ஊற்றிக்கிட்டு வர்றேன்" என்றார். குரலில் அவ்வளவு நிம்மதி. எனக்குத்தான் சுருக்கென்றது. பல வருஷங்களுக்கு முன்னால் நானும் அதே நிம்மதியோடு அதைத்தான் செய்தேன். இந்தத் தவறை மட்டும் ஆள் மாற்றி ஆள் செய்துகொண்டே இருக்கிறோம்.

தொழுவம் சுத்தமாக இருக்க வேண்டும், தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு, அதாவது நாம் செய்யும் தவறுகளுக்கு வருகிறேன்.

முன்கூட்டியே கால்சியம் கொடுத்துச் 'சேர்த்துவைப்பது'

என்னுடைய மாட்டுக்கு அது நாலாவது ஈற்று. நல்ல கறவை மாடு. பால் வற்றவிட்ட நாளிலிருந்து டானிக், கால்சியம் கலந்த தாது உப்பு, போதாததற்குத் தினமும் குதிரைமசால் என்ற பசுந்தீவனம். பொழுது சாயும் நேரத்தில் சிரமமில்லாமல் கன்று போட்டது. சீம்பாலை ஒட்டக் கறந்தேன். அடுத்த நாள் விடிவதற்கு முன் போய்ப் பார்த்தால் மாடு படுத்திருந்தது, கழுத்தை மடித்துத் தலையை விலாவில் சாய்த்துக்கொண்டு. மூக்கு உலர்ந்திருந்தது, காது சில்லென்றிருந்தது, சாணி போடவே இல்லை. ஈன்ற அலுப்பு, வெயில் ஏறினால் எழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மருத்துவரைக் கூப்பிடும்போது நண்பகல் ஆகிவிட்டது. ரத்தக் குழாய் வழியாகக் கால்சியம் ஏற்றியதும் தலை நிமிர்ந்தது, சாணி போட்டது, ஆனால் எழவில்லை. பல மணி நேரம் ஒரே பக்கம் படுத்திருந்ததில் அந்தப் பக்கத்துக் காலின் தசையும் நரம்பும் நசுங்கிப் போயிருந்தன. கடைசிவரை எழவே இல்லை.

ஈன்றதும் ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு இப்படி விழுவதைத்தான் பால் காய்ச்சல் என்பார்கள். மாடு கால்சியம் இல்லாமல் விழுந்தது என்பதைவிட, நான் கொடுத்த கால்சியத்தால் விழுந்தது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

மாட்டின் ரத்தத்தில் ஓடும் கால்சியம் மொத்தமே ஏறக்குறைய 3 கிராம்தான். 10 லிட்டர் சீம்பாலில் மட்டும் 20 கிராமுக்கு மேல் போய்விடும். அந்தப் பள்ளத்தை நிரப்பத் தீவனத்தில் இருந்து குடல் இழுக்க வேண்டும், எலும்பில் இருந்து கரைத்து எடுக்க வேண்டும். இரண்டையும் முடுக்கிவிடுவது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனும் வைட்டமின் டி-யும். கடைசி வாரங்களில் தீவனத்தில் கால்சியம் தாராளமாக இருந்தால் இந்த ஏற்பாட்டுக்கு வேலையே இருக்காது, தூங்கிப் போய்விடும். கன்று விழுந்து மடியில் பால் இறங்கும் நேரத்தில் அதை எழுப்பினாலும் சூடுபிடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். மாடு விழுவது அந்த இடைவெளியில்தான். கால்சியத்தைக் கொடுத்து மாட்டின் உடம்பில் சேர்த்துவைக்க முடியாது. அதன் எலும்பிலேயே கிலோக்கணக்கில் இருக்கிறது. அந்த நேரத்தில் அதை எடுக்கும் பழக்கம் உடம்புக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொட்டாசியமும் கெடுக்கும். நிறைய உரம் போட்டு வளர்த்த பசுந்தீவனத்தில் அது மிகுந்திருக்கும். ரத்தத்தைக் காரத்தன்மைப் பக்கம் தள்ளிவிடும், ஹார்மோன் வந்து தட்டினாலும் எலும்பும் சிறுநீரகமும் கதவைத் திறக்காது. குதிரைமசாலில் கால்சியம், பொட்டாசியம் இரண்டுமே அதிகம். மற்ற காலத்தில் அருமையான தீவனம்தான், கடைசி மூன்று வாரத்துக்கு மட்டும் வேண்டாம். அந்த நாட்களில் உலர் தீவனம், புல்வகைத் தீவனம், அளவான அடர்தீவனம் போதும்.

ரத்தத்தை அமிலத்தன்மைப் பக்கம் திருப்பும் அனயானிக் உப்புகளைத் தீவனத்தில் கலந்து சிறுநீரின் காரத்தன்மையைக் குறைக்கும் முறையும் உண்டு. நன்றாக வேலை செய்யும். ஆனால் அதில் தீவனக் கால்சியக் கணக்கே வேறு, சிறுநீரைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், கசப்பால் மாடு தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும். மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுக்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

அப்புறம் கால்சியம் எப்போதுதான் கொடுப்பது? கன்று விழுந்த பிறகு. மூன்றாவது ஈற்றுக்கு மேற்பட்ட மாடு, முன்பு ஒருமுறை பால் காய்ச்சலில் விழுந்த மாடு, ஜெர்சி ரத்தம் உள்ள மாடு என்றால், நின்றுகொண்டு நன்றாக விழுங்கும் நிலையில் இருக்கும்போது கன்று போட்டதும் ஒருமுறை, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இன்னொருமுறை வாய்வழிக் கால்சியம் கொடுக்கலாம். தலைச்சன் ஈற்றுக் கிடாரிக்குப் பால் காய்ச்சல் வருவது அபூர்வம். முதல் நாளில் கன்றுக்குத் தேவையானதைக் கறந்துகொண்டு மிச்சத்தை மடியில் விட்டுவிடுங்கள், நான் செய்ததுபோல் ஒட்டக் கறக்காதீர்கள்.

படுத்துக் கிடக்கும் மாட்டின் வாயில் ஊற்றுவது

ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி இல்லாத மாட்டுக்கு மருந்து நுரையீரலுக்குத்தான் போகும்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது

பால் 'காய்ச்சல்' என்பதால் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கிறார்கள். சூடு இல்லை என்றதும் நோய் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். இதில் உடம்பு குளிர்ந்துதான் போகும். விழுவதற்கு முன்பே அறிகுறி தெரியும்: காது துடிப்பது, தசை நடுங்குவது, பின்னங்கால் தடுமாறுவது, தீவனத்தை விட்டுவிடுவது. கூப்பிட வேண்டிய நேரம் அதுதான். மருத்துவர் வரும்வரை மாட்டைப் பக்கவாட்டில் சாய விடாமல், வயிறு தரையில் படியும்படி இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை கொடுத்து நிமிர்த்தி வையுங்கள். பக்கவாட்டில் சாய்ந்தால் வயிறு உப்பிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போடுங்கள்.

பாட்டிலைப் பிடித்து நாமே ஏற்றுவது

ரத்தக் குழாயில் வேகமாகப் போகும் கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும். மருத்துவர் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே பத்து இருபது நிமிடம் மெதுவாக ஏற்றுவது அதனால்தான்.

கால்சியத்தோடு எல்லாத் தாதுவையும் நிறுத்துவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு நேர் எதிராகப் போகிறவர்களும் உண்டு. சினையின் கடைசி மாதங்களில்தான் கன்று தன் ஈரலில் செம்பு போன்ற தாதுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. அயோடின் போதாவிட்டால் கழுத்து வீங்கிய, முடியில்லாத கன்றும் பிறக்கலாம், செத்தும் பிறக்கலாம். செலினியமும் வைட்டமின் ஈ-யும் குறைந்தால் நஞ்சுக்கொடி விழாமல் தங்கலாம். மெக்னீசியம் குறைந்தாலோ அந்தப் பாராதைராய்டு ஹார்மோனே ஒழுங்காகச் சுரக்காது. ஆகவே பால் வற்றிய மாட்டுக்கென்று வரும், கால்சியம் குறைந்த கலவையைக் கேட்டு வாங்குங்கள். கறவை மாட்டுக்கான சாதாரணத் தாது உப்புக் கலவையைக் கன்று போட்ட பிறகு தொடங்கலாம். பையின் பின்பக்கத்தில் கால்சிய அளவு அச்சிட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

உப்புக்கட்டியை நம்புவது

மாடு உப்புக்காக நக்குகிறது. மற்ற தாதுக்களில் எது குறைகிறது என்று அதற்குத் தெரியாது.

செலினியத்தை இரண்டு வழியில் கொடுப்பது

ஊசியில் ஒன்று, கலவையில் ஒன்று என்று சேர்ந்தால் நஞ்சாகிவிடலாம். தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு.

சிவப்புச் சிறுநீரைப் பார்த்ததும் முடிவு கட்டுவது

ஈன்ற இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் பாஸ்பரஸ் குறைவாக இருக்கலாம். எலும்பு, துணி, மண் என்று கண்டதைத் தின்னும் மாடு என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் உண்ணி மூலம் பரவும் பபேசியா நோயிலும் சிறுநீர் இப்படித்தான் போகும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து.

எழுந்துவிட்டதே என்று போய்ப் படுப்பது

ஊசி போட்ட மாடு எழுந்து நடந்த பிறகும் ஒரு நாளுக்குள் மறுபடி விழுவது சாதாரணமாக நடக்கும். ஏற்றிய கால்சியம் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அந்த இரவு தொழுவத்தில் விளக்கு எரியட்டும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்க் காதைத் தொட்டுப் பாருங்கள். அந்தத் தம்பியிடம் டானிக்கை நிறுத்தச் சொன்னதோடு இதையும் சொல்லியிருக்கிறேன். மடி இறங்கத் தொடங்கியதும் கூப்பிடுவதாகச் சொன்னார்.