ஐடி இன்டர்வியூவில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

கேம்பஸ் சீசன் முடிந்து ஆஃப் கேம்பஸ் டிரைவ்கள் (கல்லூரிக்கு வெளியே நடக்கும் ஆளெடுப்புகள்) தொடங்கிவிட்டால், வருஷா வருஷம் அதே தவறுகளோடு பிள்ளைகள் இன்டர்வியூ எடுக்கும் எங்கள் பேனல் முன்னால் வந்து உட்கார்கிறார்கள். பாதி, எங்கள் பேட்ச் வேலை தேடிய காலத்தில் நாங்களே செய்தவை. நேரத்துக்குப் போங்கள், சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள், மொபைலை சைலன்டில் போடுங்கள் என்பதெல்லாம் இங்கே கிடையாது. அதை வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள்.

தெரியாததையும் ரெஸ்யூமில் போடுவது

ரெஸ்யூமில் இருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் நீங்களே எடுத்துக்கொடுக்கும் கேள்வி. டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் என்று போட்டிருந்தால், இரண்டாவது அதிகச் சம்பளத்தை எடுக்கும் குவெரியைக் கேட்பேன். சம்பளத்தை இறங்கு வரிசையில் அடுக்கி, லிமிட் 1 ஆஃப்செட் 1 (முதல் வரியை விட்டு அடுத்த ஒரு வரியை எடு) என்று முக்கால்வாசிப் பேர் சட்டென்று எழுதிவிடுவார்கள். "சரி, முதல் இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம் என்றால்?" அங்கேதான் பேனா நிற்கும். அந்தக் குவெரி முதல் சம்பளத்தையே திருப்பித் தரும். ஒரே சம்பளத்தை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் வேண்டும், அல்லது ஒரே சம்பளத்துக்கு ஒரே ரேங்க் போடும் டென்ஸ் ரேங்க் வேண்டும். அதைத் தானாகவே சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது, அடுத்ததுக்குப் போய்விடுவோம். மனப்பாடம் செய்தவருக்கு அதற்குமேல் ஒரு வரி நகராது. பத்துப் பெயர் வேண்டாம். நான்கு போடுங்கள். அந்த நான்கில் எங்கே தோண்டினாலும் நீங்கள் பேச வேண்டும்.

கேள்வியைக் கேட்டதும் கோட் எழுதத் தொடங்குவது

ஜோஹோ மாதிரி இடங்களில் எழுத்துத் தேர்வைத் தாண்டியதும் ரயில் டிக்கெட் முன்பதிவு, கால் டாக்ஸி புக்கிங் போன்ற சின்ன அப்ளிகேஷனையே எழுதச் சொல்வது வழக்கம். டிக்கெட் போடுவதை எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். ஒருவர் கேன்சல் செய்தால் ஆர்ஏசியில் இருப்பவர் பெர்த்துக்கு வர வேண்டும், வெயிட்டிங் லிஸ்டில் முதல் ஆள் ஆர்ஏசிக்கு வர வேண்டும். லோயர் பெர்த் கேட்ட வயதானவருக்கு அது காலி இல்லையென்றால் என்ன செய்வது? கணக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இதையெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கேட்டால் மதிப்பு குறையும் என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. கேட்பவரைத்தான் டீமில் எடுக்க ஆசைப்படுவோம்.

விலை கொடுத்து வாங்கிய அனுபவம்

இதைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

படித்து முடித்து மூன்று வருடம் வேலை அமையாமல் போகிறது. டிரைவுக்குப் போனால், இந்த வருடம் முடித்தவர்களுக்கு மட்டும் என்கிறார்கள். மற்ற வேலைகளுக்கு அனுபவம் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் கதவடைத்த நேரத்தில் யாரோ ஒரு ஏஜென்ட் வருகிறார். வேளச்சேரியிலும் மாரத்தஹள்ளியிலும் அமீர்பேட்டையிலும் ட்ரெய்னிங் சென்டர்கள் வரிசையாக இருக்கின்றன. உண்மையாகச் சொல்லிக்கொடுப்பவர்களும் அவர்களில் உண்டு. இந்த ஏஜென்ட் விற்பது வேறு. மூன்று வருட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர், போன் செய்தால் ஹெச்ஆர் மாதிரிப் பேச ஒரு ஆள். கூடவே மனப்பாடம் செய்ய ஒரு பேங்கிங் ப்ராஜெக்ட்.

அந்த ப்ராஜெக்ட்டை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருப்போம். ஒரே வாரத்தில் வெவ்வேறு ஊர்க்காரர்கள் வார்த்தை மாறாமல் அதே விவரிப்பைத் தருவார்கள். டெக்னிக்கல் கேள்விக்குக்கூடப் போக வேண்டியதில்லை. உங்கள் ரிலீஸ் எந்தக் கிழமை போகும்? புல் ரிக்வெஸ்டை, அதாவது எழுதிய கோடைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவதை, யார் பார்ப்பார்கள்? கடைசியாக ப்ரொடக்ஷனில் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் இடத்தில்) என்ன உடைந்தது, எந்த லாகைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள்? ஒரு வருடம் உண்மையில் வேலை பார்த்தவர் இதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார், நடுவில் மேனேஜரைப் பற்றிப் புலம்பவும் செய்வார். மற்றவர் "எல்லாம் ஸ்மூத்தாகப் போகும் சார்" என்பார். எந்த ப்ராஜெக்ட்டும் ஸ்மூத்தாகப் போனதில்லை.

பேனலைத் தாண்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதைதான் இன்னும் மோசம். தெற்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு தம்பி எங்கள் பக்கத்து டீமில் சேர்ந்தான். கையில் வேலைத்திறன் இருந்தது. சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வான், ராத்திரி உட்கார்ந்து முடித்துக்கொடுப்பான். நான்காவது மாதம் பிஜிவி, அதாவது பழைய வேலை விவரங்களைச் சரிபார்க்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ரிப்போர்ட் வந்தது. அன்று மதியமே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட் பக்கத்தில் நின்று, "பிஜிவில ஒண்ணும் வராதுன்னு சொன்னாங்கண்ணா, அம்மா நகைய வச்சுத்தான் கட்டுனேன்" என்றான். என்ன பதில் சொல்வது? ஃப்ரெஷராகவே எங்கள் டீமுக்கு வந்திருந்தால் நிச்சயம் நிலைத்திருப்பான். ஏஜென்ட் எண் அன்றைக்கே ஸ்விட்ச் ஆஃப்.

மாட்டுவது எப்படி என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். 2014 முதல் பிஎஃப் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் யுஏஎன் என்ற ஒரே எண். எத்தனை கம்பெனி மாறினாலும் எண் மாறாது, ஆதாரோடும் இணைந்திருக்கிறது. எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அதன் சர்வீஸ் ஹிஸ்டரியில் நிற்கும். பாஸ்புக்கில் மாதாமாதம் விழுந்த பணம் தெரியும். "பிஎஃப்பும் கட்டிக் காட்டுகிறோம்" என்று சிலர் ஆசை காட்டுகிறார்கள். ஒரு மாதத்துப் பங்கை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டியாக வேண்டும் என்பது விதி. மூன்று வருடப் பணமும் போன மாதம் மொத்தமாக விழுந்திருந்தால் பார்ப்பவருக்குப் புரியாதா? பிஎஃப் பிடிக்காத கம்பெனி என்று சமாளித்தால் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். வரி பிடித்ததாக பே ஸ்லிப்பில் இருந்தால் அது வருமானவரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் இருக்க வேண்டும். ஒரு பொய்க்கு மூன்று இடத்தில் சாட்சி வேண்டும், மூன்றும் அரசிடமும் வங்கியிடமும் இருக்கிறது.

அதோடு முடிவதில்லை. அந்தத் தம்பி பார்த்த நான்கு மாத உண்மையான வேலையையும் இனி ரெஸ்யூமில் போட முடியாது. போட்டால் பழைய கம்பெனிக்கு போன் போகும். போடாவிட்டால் யுஏஎன்னில் அது நிற்கும்.

இடைவெளி இருந்தால் இடைவெளி என்றே எழுதுங்கள். அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று காட்டுங்கள். மாமாவின் மளிகைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினீர்களா, அதைக் கோட் சேமித்துக் காட்டும் தளமான கிட்ஹப்பில் போடுங்கள். பழைய கமிட்களின் (சேமித்த மாற்றங்களின்) தேதியே உங்களுக்காகப் பேசும். சப்போர்ட், டெஸ்டிங், சின்ன ஸ்டார்ட்அப் என்று எதில் கிடைத்தாலும் நுழையுங்கள். உண்மையான ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்குத் தலை நிமிர்ந்து போகலாம்.

காதில் இன்னொருவர் குரல்

ஆன்லைன் இன்டர்வியூவில் பின்னால் ஒருவர் பதில் சொல்ல, நீங்கள் வாயசைப்பது. ஏஐ பதிலைத் திரையில் ஓட விட்டு வாசிப்பது. கண் போகும் பக்கம் தெரிகிறது. செய்யாதீர்கள்.

ஆங்கிலம்

மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தைவிட, தடுமாறிச் சொல்லும் நான்கு சொந்த வாக்கியம் மேல்.

வேலைக்கு முன்பணம்

பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை. "ரிஃபண்டபிள் டெபாசிட்" என்றாலும் அதேதான்.

ஆஃபர் லெட்டர் வருவதற்குள் ரிசைன் செய்வது

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு இது. பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்பது சகஜம். புதிய கம்பெனி ஹெச்ஆர் போனில், "நீங்க பேப்பர் போட்ருங்க, லெட்டர் நாளைக்கு வந்துரும்" என்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ப்ராஜெக்ட் ஹோல்டுக்குப் போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. லெட்டர் மெயிலில் வந்து, அதில் சேரும் தேதியும் சம்பளப் பிரிவும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு ரிசைன் செய்யுங்கள். சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவின் எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். கம்பெனியின் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், வேரியபிள் பே எல்லாம் அதற்குள்தான் இருக்கும். கிராஜுவிட்டி மாதாமாதம் வருவதில்லை, வேரியபிள் முழுதாக வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. "மாதம் கைக்கு எவ்வளவு வரும், அதை மெயிலில் எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் கம்பெனி என்றால், பழைய வேலையில் இருந்துகொண்டே அடுத்த இடத்தைத் தேடலாம்.