கும்பப்பூ வைக்கோலைப் பழைய டிராக்டரால் கட்டுவது எப்படி

நாஞ்சில் நாட்டு வயல்களில் அறுவடை மிஷின் இறங்கிய பிறகு வைக்கோல் வேலையே மாறிவிட்டது. முன்பு களத்தில் சூடடித்துக் காயப்போட்ட வைக்கோல் கையில் கிடைத்தது. இப்போது அது பச்சை ஈரத்தோடு வயலிலேயே வரிசையாக விழுகிறது. அதை இரண்டு மூன்று நாளுக்குள் உலர்த்தி, கூட்டி, கட்டி, கரையேற்ற வேண்டும். இரண்டு மூன்று ஏக்கர் வயலும் நாலைந்து மாடும் உள்ள வீட்டுக்கு இதற்காகப் புது டிராக்டர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மாசி பெர்குசன் 1035, சுவராஜ் 735, போர்டு 3600 போன்ற 35 முதல் 45 குதிரைத்திறன் கொண்ட பழைய வண்டி ஒன்று ஒழுங்காக ஓடினால் வைக்கோலை உருட்டிக் கயிறு சுற்றும் சிறிய உருளைக் கட்டு மிஷினை அது தாராளமாக இழுக்கும். எச்.எம்.டி. 2511, ஐச்சர் 241 போன்ற 25 குதிரைத்திறன் வண்டிகளை வைக்கோலைக் கூட்டும் ரேக்குக்கும் டிரெய்லருக்கும் வைத்துக்கொள்ளலாம். கட்டு மிஷினை அவற்றில் மாட்டி எஞ்சினைத் திணறடிக்க வேண்டாம்.

வண்டிக்கு வலு போதாமல் வேலை கெடுவது அபூர்வம். வைக்கோலின் ஈரத்தைத் தப்பாகக் கணிப்பதாலும், பழைய கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் ஓட்டுவதாலும்தான் பெரும்பாலும் கெடுகிறது.

எந்தப் பூவில் கட்டுவது

பூ என்பது இங்கே நெல் போகம். சேர்த்து வைக்கும் வைக்கோலைக் கும்பப்பூவில் எடுங்கள். மாசி, பங்குனியில் அறுக்கும்போது பகலில் நல்ல வெயில் கிடைக்கும். ஆனால் மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது சும்மா சொன்னதல்ல. இரவுப் பனியில் காய்ந்த வைக்கோல்கூடக் காலையில் நனைந்து கிடக்கும். பத்து மணிக்கு முன்னால் ரேக்கையோ கட்டு மிஷினையோ வயலில் இறக்க வேண்டாம்.

கன்னிப்பூ அறுப்பு ஆவணி, புரட்டாசியில் வரும். தோவாளைப் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேகமாக உலர்த்தும். ஆனால் வரிசையைக் கலைத்து வரப்புக்கு வரப்பு பரத்திவிடும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் திடீர் மழைதான் பெரிய தொல்லை. இரண்டு நாள் வெயிலுக்கு உறுதி இல்லையென்றால் கன்னிப்பூ வைக்கோலைக் கட்டவே வேண்டாம். உதிரியாகக் கொண்டுவந்து கூரைக்கடியில் மெல்லிசாகப் பரப்பி, முதலில் அதைத் தின்னக் கொடுத்துவிடுங்கள்.

அறுப்புக்கு முன்பே செய்ய வேண்டியது

அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் மடையை அடைத்து வயலை வடியவிடுங்கள். தரை சேறாக இருந்தால் வைக்கோல் அடியிலிருந்து ஈரம் இழுக்கும். டயர் அதைச் சேற்றில் மிதித்து அமுக்கும். மண் ஒட்டிய வைக்கோலை மாடு ஒதுக்கிவிடும், மிஷினின் செயினும் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

அறுவடை மிஷின்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வைக்கோலைச் சிதறடிக்கும் தகடோ வெட்டும் கத்தியோ பின்னால் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, வைக்கோல் ஒரே வரிசையாக விழும்படி ஓட்டச் சொல்லுங்கள். அடித்தாளை 15 செ.மீ. உயரம் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள்மேல் வைக்கோல் தூக்கலாகக் கிடந்தால் அடியில் காற்று ஓடும். அம்பை 16 போன்ற குட்டை ரகத்தில் இதைவிட உயரமாக விட்டால் கட்டுவதற்கு வைக்கோலே மிஞ்சாது.

ஈரம் பார்ப்பது

அறுத்தவுடன் விழும் வைக்கோலில் பாதிக்குமேல் தண்ணீர்தான். கட்டும்போது அது 15 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 20ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், கட்டுக்குள் சூடு ஏறும். வெளியே மொறுமொறுவென்று இருப்பதை நம்பாதீர்கள். வரிசையின் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, தண்டின் கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள். கணுவில் பச்சையோ பிசுபிசுப்போ தெரிந்தால் இன்னொரு வெயில் வேண்டும். தண்டை மடக்கினால் வளைந்து கொடுக்கக் கூடாது, ஒடிய வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஈரமில்லாத கண்ணாடிக் குப்பி ஒன்றில் நறுக்கிய வைக்கோலை முக்கால்வாசி போட்டு, ஒரு தேக்கரண்டி உலர்ந்த பொடியுப்பு சேர்த்து மூடி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு உதிரியாகவே நின்றால் கட்டலாம். கட்டிபட்டாலோ குப்பியின் உள்சுவரில் ஒட்டினாலோ பொறுத்திருங்கள். வயலின் நடுவில், வரப்போரம், தென்னை நிழல் விழும் மூலை என மூன்று இடத்திலாவது எடுத்துப் பாருங்கள். நிழல் மூலைதான் எப்போதும் கடைசியாகக் காயும். அந்த மூலையைத் தனியாக விட்டுவிட்டு மற்றதைக் கட்டுவதில் தவறில்லை.

டிராக்டரைத் தயார் செய்வது

வைக்கோல் தூசி பழைய எஞ்சினுக்குப் பெரிய சோதனை. எண்ணெய்க் கிண்ணம் உள்ள ஏர் கிளீனரை வேலை நடக்கும் நாளெல்லாம் மாலையில் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் கூழாகியிருந்தால் கொட்டி, கிண்ணத்தை டீசலில் கழுவி, புது எஞ்சின் ஆயிலைக் கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டினால் எஞ்சின் அந்த எண்ணெயையே உறிஞ்சிப் புகையும். ரேடியேட்டர் முகத்தில் கொசுவலைக் கம்பி ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு வயல் முடிந்ததும் தட்டிவிடுங்கள். ரேடியேட்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறிப் பக்கமிருந்து முன்பக்கமாக அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே போய் அடையும்.

புகைக்குழாயைச் சுற்றியும் மேனிபோல்டின் மேலும் சேரும் வைக்கோலை அடிக்கடி கையால் எடுத்துவிடுங்கள், அதுவும் எஞ்சினை நிறுத்திய பிறகு. 20 லிட்டர் தண்ணீர் கேனும் நனைத்த சாக்கும் வயலோரம் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

கட்டு மிஷினுக்கு பி.டி.ஓ., அதாவது வண்டியின் பின்னால் மிஷினைச் சுழற்றும் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று சுழல வேண்டும். பல பழைய வண்டிகளில் எஞ்சின் 1500 முதல் 1800 சுற்றில் ஓடும்போது அது கிடைக்கும். மீட்டர் ஓடாத வண்டியில் காதை நம்பி ஓட்டாதீர்கள். ஒளி பட்டு அளக்கும் டேக்கோமீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி, ஷாப்ட்டில் பளபளப்பு ஸ்டிக்கர் ஒட்டி, பக்கவாட்டில் தள்ளி நின்று அளந்து, கைத் திராட்டிலில் அந்த இடத்துக்குப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். சில பழைய மாசி வண்டிகளில் பி.டி.ஓ. லீவருக்கு எஞ்சின் நிலை, சக்கர நிலை என இரண்டு உண்டு. சக்கர நிலையில் விழுந்திருந்தால் வண்டி நின்றதும் மிஷினும் நின்றுவிடும். மிஷினில்தான் கோளாறு என்று நினைத்து ஆட்கள் பாதி நாளை இதிலேயே தொலைப்பார்கள்.

பி.டி.ஓ.வையும் மிஷினையும் சேர்க்கும் இணைப்பு ஷாப்ட்டின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேராக இருக்க வேண்டும். ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் இருந்தால் அதிர்ந்து அதிர்ந்து கவைகளை இணைக்கும் கிராஸ் உடையும். உள்குழாயும் வெளிக்குழாயும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று ஏறியிருக்கட்டும். லிப்ட்டை மெதுவாக மேலும் கீழும் இயக்கி, எந்த உயரத்திலும் ஷாப்ட் முட்டவில்லை என்று பார்த்த பிறகே பி.டி.ஓ.வைப் போடுங்கள். மிஷினைத் தூக்கும்போது முன்சக்கரம் லேசானால் முன்னால் எடை மாட்டுங்கள்.

540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. கைலி நுனியோ தோள்துண்டோ ஒருமுறை சிக்கினால் ஆள் கையை இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஷாப்ட் உறை இல்லாத மிஷினை வாடகைக்குக்கூட எடுக்காதீர்கள். வேலையில் நிற்பவர் எல்லாரும் கால்சட்டை போட வேண்டும், துண்டை வரப்பில் வைத்துவிட வேண்டும்.

கூட்டுவது

சேற்றில் உழ மாட்டும் இரும்புக் கேஜ் வீலைக் கழற்றி டயரோடு ஓட்டுங்கள். ரேக்கின் பற்கள் தாளை உரசிப் போகட்டும், மண்ணைக் கீறக் கூடாது. தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரம் சரியாக இருக்கும். பற்கள் மண்ணைக் கீறினால் வரிசையில் மண்கட்டியும் பழைய வேரும் கலந்துவிடும். வரிசையின் அகலம் கட்டு மிஷினின் வாய் அகலத்துக்கு ஒத்து வர வேண்டும். மலைபோல் குவித்த வரிசை வாயில் அடைக்கும், மெல்லிய வரிசையில் டீசல்தான் வீணாகும். அரை ஏக்கருக்குள் என்றால் ரேக் கொண்டுவர வேண்டாம், இரண்டு பேர் கவைக்கம்பால் புரட்டிக் கூட்டிவிடலாம்.

கட்டும்போது கிளட்ச்

இரட்டைக் கிளட்ச் உள்ள புது வண்டிகளில் மிதியைப் பாதி அழுத்தினால் சக்கரம் மட்டும் நிற்கும், பி.டி.ஓ. ஓடிக்கொண்டே இருக்கும். ஒற்றைக் கிளட்ச் உள்ள பழைய வண்டியில் மிதித்த உடனே இரண்டும் நின்றுவிடும். உருளைக் கட்டு மிஷினில் கட்டு நிரம்பியதும் வண்டி நிற்க வேண்டும், ஆனால் உள்ளே உருளை சுற்றிக்கொண்டே இருந்தால்தான் கயிறு சுற்றும்.

ஆகவே கட்டு நிரம்பும் அறிகுறி தெரிந்தவுடன் கிளட்சை முழுதும் மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, மிதியை மெதுவாக விடுங்கள். வண்டி அங்கேயே நிற்கும், மிஷின் மறுபடி சுற்றத் தொடங்கும். கயிறு சுற்றி அறுபட்ட பிறகு கதவைத் திறந்து கட்டைத் தள்ளி, கதவு முழுதும் மூடியதைப் பார்த்துவிட்டு முதல் கியரில் நகருங்கள். மிதியைப் படக்கென்று விட்டால் நிரம்பிய கட்டின் பாரம் ஒரே அடியாக ஏறி, மிஷினைக் காக்க முதலில் முறியும்படி வைத்த ஷியர் போல்ட் முறியும். வாய்க்குள் வைக்கோல் பாதி போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தாலும் அடைப்புதான். வரிசையில் ஓரடி இடைவெளி தெரியும் இடமாகப் பார்த்து நிறுத்தினால் நல்லது.

கதவு ஹைட்ராலிக்கில் திறக்கும் மாதிரியானால், டிப்பர் டிரெய்லருக்கு எண்ணெய் எடுத்த பைப் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள், கதவுக்கும் அதையே மாட்டலாம்.

பாரமான பிளைவீல் உள்ள சதுரக் கட்டு மிஷினையோ புல்வெட்டும் ஸ்லாஷரையோ ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மாட்டினால் வேறொரு ஆபத்து இருக்கிறது. மிதித்த பிறகும் அந்த வீலின் வேகம் கியர் வழியாக வண்டியை முன்னால் தள்ளும், வரப்பில் ஏற்றிவிடும். பி.டி.ஓ. முனையில், ஒரு பக்கமாக மட்டும் விசையைக் கடத்தும் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்று மாட்டினால் அந்தத் தள்ளல் நிற்கும். அது சுமார் 10 செ.மீ. நீளம் கூட்டும், ஷாப்ட்டை அதற்கேற்ப வெட்டிக் குறைக்க வேண்டும்.

வேகம் மணிக்கு 2 முதல் 4 கி.மீ. போதும். வரிசையின் நடுவிலேயே போனால் கட்டு நடுவில் குண்டாகி, கயிறு இரு ஓரமும் நழுவும். கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று சாய்த்து ஓட்டி வாயின் இரு ஓரத்துக்கும் வைக்கோல் கொடுங்கள்.

கயிறு பிடிக்காமல் போனால் முதலில் கத்தியின் முனையைப் பாருங்கள், பிறகு கயிறு வரும் வளையங்களில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உருளையில் வைக்கோல் சுற்றிக்கொண்டால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். ஷியர் போல்ட் முறிந்தால் அதே தரத்துப் போல்ட்டையே போடுங்கள். கெட்டியான போல்ட் போட்டால் அடுத்து உடைவது கியர் பாக்ஸ். எந்த அடைப்பானாலும் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, மிஷின் அசைவற்று நின்ற பிறகுதான் கைவைக்க வேண்டும்.

அடுக்குவது

சிறிய உருளைக் கட்டு பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ இருக்கும். பசும்புல்லும் கொடுக்கும் மாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 6 கிலோ வைக்கோல் என்று கணக்கிட்டால், ஒரு கட்டு மூன்று நான்கு நாளைக்கு வரும். வருஷத்துக்கு ஒரு மாட்டுக்குச் சுமார் நூறு கட்டு ஒதுக்குங்கள்.

கட்டிய அன்றே பனி விழுமுன் கரையேற்றுங்கள். தரையில் கல்லோ பனந்தடியோ போட்டு ஓரடி உயர்த்தி, வரிசைக்கு வரிசை கைநுழையும் இடைவெளி விட்டு அடுக்குங்கள். இந்த வைக்கோல் படப்பை வீட்டோடும் தொழுவத்தோடும் ஒட்டிப் போடாதீர்கள். முதல் மூன்று வாரம் தினமும் நீளமான இரும்புக் கம்பியை நடுக்கட்டில் சொருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்துத் தொடுங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் அந்த அடுக்கை உடனே பிரித்துப் பரப்ப வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான். உள்ளே வெந்துகொண்டிருக்கும் வைக்கோல் காற்றுப் பட்டதும் பற்றலாம்.

மாட்டுக்குப் போடும்போது கயிறு முழுவதையும் உருவி எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கயிறு வயிற்றில் தங்கி மாட்டைக் கொல்லும். கிடைக்குமிடத்தில் சணல் கயிற்றையே வாங்குங்கள்.

சீசன் முடிந்ததும் மிஷினுக்குள் ஒரு துரும்புகூட மிச்சம் வைக்காமல் எடுத்து, செயினைத் தளர்த்தி, எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளிவரும்வரை கிரீஸ் அடியுங்கள். கடற்காற்று எட்டும் ஊர்களில் பளபளப்பான இரும்பு முழுவதிலும் எஞ்சின் ஆயில் பூசுங்கள். மிச்சமுள்ள கயிற்றுச் சுருளைப் பெட்டியிலிருந்து எடுத்து எலி எட்டாத இடத்தில் வையுங்கள்.